காக்கைக்கல்லில் நடந்தது

எல்வர்டன் கிராமம்,
1831, செப்டம்பர் மாதம்.

அன்பு மகன் ரூபனுக்கு,

உன் அம்மா எப்சிபா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான் உடம்பளவில் சுகம். நீயும் உன் குதிரையும் அந்த அயர்லாந்து ஈரத்தில் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன். உன் தம்பி மனைவி லேயாவுக்கு ஆகஸ்டில் பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம்தான். பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறது, அழும்போது நம் கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி சத்தம் போடுகிறது.

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. அறுவடை வேலைக்கு வந்திருந்த கார்மக் என்ற அயர்லாந்துக்காரர் ஊர் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நல்ல மனிதர். படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உன் அதிகாரி கண்ணில் பட்டால் உனக்கும் கேடு, எனக்கும் கேடு.

உன் கடிதம் மே மாதக் கடைசியில் வந்தது. கோயில் வரியான தசமபாகத்தைக் கட்டாதவர்களின் மாட்டைப் பிடிக்கப் போகிறவர்களோடு உங்கள் படையைக் காவலுக்கு அனுப்புகிறார்கள் என்றும், சண்டையில்லாத சுகமான வேலை என்றும் எழுதியிருந்தாய். அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். முடியாமல் எழுந்துவிட்டேன். என் கடிதத்தின் அடியில் எப்போதும் உன் தம்பி ஆமோஸ் உன்னைக் கேலி செய்து இரண்டு வரி கிறுக்குவான் அல்லவா? இனி அது வராது. ஆமோஸ் இல்லை, ரூபன். எல்லை நடையன்று அவனைக் கொன்றுவிட்டார்கள். இதை நயமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆளுக்கொரு விதமாக உன் காதுக்கு வருவதற்கு முன் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நீ பட்டாளத்தில் சேர்ந்தபோது லாங்மியர் மேய்ச்சல் நிலம் ஊருக்கெல்லாம் பொதுவாகத் திறந்து கிடந்தது. நம் பசு, எத்ரோ மாமாவின் வாத்துகள், ஊரில் எரிகிற ஒவ்வொரு அடுப்புக்கும் வேண்டிய சுள்ளி எல்லாம் அங்கிருந்துதான். போன இலையுதிர் காலத்தில் வின்டல் துரை பார்லிமென்டில் சட்டம் வாங்கி வந்து அத்தனையையும் தன் பெயருக்கு மாற்றி, பள்ளம் தோண்டி வேலி போட்டார். நமக்கு ஈடாகக் கொடுத்த துண்டில் ஒரு பசு படுத்துப் புரளக்கூட இடம் போதாது.

எத்ரோ மாமாவின் வாத்துகளுக்குச் சட்டம் தெரியாது. பழைய பழக்கத்தில் வேலியிடுக்கில் நுழைந்துவிட்டன. துரையின் காரியஸ்தன் கிரேல் அவற்றைப் பட்டியில் அடைக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருகி வேலி நெடுக வரிசையாகத் தொங்கவிட்டான். மாமா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "துரை வீட்டுல துணி துவைச்சுக் காயப்போட்டிருக்காங்க எப்சிபா, எல்லாம் வெள்ள வெளேர்னு இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்று முழுவதும் அவர் ஒன்றும் சாப்பிடவில்லை.

குளிர்காலத்தில் சுள்ளி பொறுக்கப் போன டில்லிங் வீட்டுப் பெண் மேல் காவலாட்கள் நாயை ஏவிவிட்டார்கள். அவள் கெண்டைக்காலில் பிய்ந்த சதை இன்னும் கூடவில்லை. வேலிக் கதவுகளுக்குக் கீல் அடித்துத் தரும்படி ஆமோஸிடம் ஆள் வந்தது. "இந்தக் கதவு மூடுறதுக்கு என் இரும்பு வேணாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டான். மறுநாள் காலை பட்டறையைத் திறந்தால் துருத்தியைக் கத்தியால் கிழித்துப் போட்டிருந்தார்கள். அவன் ஊசியும் நூலும் எடுத்து வந்தான். உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தான். உன் தம்பியின் கோபம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். கத்துகிறவன் இல்லை.

பரமேறுதல் திருநாளுக்கு முந்திய திங்கட்கிழமை வழக்கம்போல எல்லை நடை வந்தது. நம் கோயிலுக்கு உட்பட்ட இந்தப் பங்கு வின்டல் குடும்பத்தைவிட எத்தனையோ பழையது. ராஜாவுக்கும் பார்லிமென்டுக்கும் சண்டை நடந்த காலத்தில் குதிரைப்படை நம் கோயிலை லாயமாக்கி, ஞானஸ்நானத் தொட்டியில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டியது. அவர்கள் வாள் தீட்டிய பள்ளங்கள் தூணில் இன்னும் இருக்கின்றன. அந்த வருஷம்கூட ஜனங்கள் பங்கின் எல்லையைச் சுற்றி நடக்காமல் விட்டதில்லை என்று உன் தாத்தா சொல்லுவார். எல்லைமேல் எது குறுக்கே நின்றாலும் அதற்குள் புகுந்து போகலாம் என்பது நம் உரிமை. எல்லைக்கோட்டில் வீடு கட்டியவனின் ஜன்னல் வழியாக உன் தாத்தாவே ஏறி, அவன் சாப்பாட்டு மேசையைத் தாண்டி, மறுபக்கம் இறங்கியவர்தான்.

கோயிலில் ஜெபம் முடிந்ததும் பெல்லிங் பாதிரியார் புத்தகத்தோடு முன்னே நடந்தார். பின்னால் ஊரே நடந்தது. லேயா ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சி, ரொட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு அவளும் வந்தாள். ஆண்கள் எல்லையைத் தட்டிக்கொண்டு போகும் வில்லோக் குச்சியோடு கோடாலியும் கொண்டு வந்தார்கள். மறைக்கவில்லை. லாங்மியர் வேலி வந்ததும் பாதிரியார் நின்று, புத்தகத்தை மூடி, "சுத்திப் போயிடலாமே. ஆண்டவர் ஒண்ணும் தப்பா நினைக்கமாட்டார்" என்றார்.

"சுத்திப் போனா அது எல்லை நடை இல்லைங்க ஐயா, மாலை உலாத்தல்" என்றார் எத்ரோ மாமா. எல்லோரும் சிரித்தார்கள்.

ஆமோஸ் மட்டும் சிரிக்காமல், "நீங்க சுத்தி வாங்க ஐயா. உங்களுக்கு இந்தக் கோயிலைக் குடுத்தவர் துரை. எங்களுக்கு எதையும் குடுக்கல. காக்கைக்கல்லுகிட்ட பார்ப்போம்" என்றான். பாதிரியார் காதுவரை சிவந்துபோய்ப் பள்ளத்து ஓரமாகத் தனியே நடந்தார்.

வேலி விழுகிற சத்தம் எனக்கு இனித்தது. உன்னிடம் மறைப்பானேன். நானும் அரிவாளால் நட்ட முள்செடிகளை வெட்டிக்கொண்டு போனேன். பெண்கள் பாட்டுப் பாடினார்கள். இப்படியே காக்கைக்கல் கண்ணில் படும் தூரம்வரை வந்துவிட்டோம். சின்னப் பிள்ளையில் உன்னைத் தலைகீழாகப் பிடித்து, எல்லை மறக்கக்கூடாது என்று மண்டையை இடித்தார்களே, அதே எல்லைக்கல்தான். அப்போது காற்றாலைக்குப் பின்னாலிருந்து குதிரைகள் வெளியே வந்தன. வின்டல் துரை, கிரேல், காவலாட்கள், அவர்களோடு ஜில்லாத் தலைநகரிலிருந்து வரவழைத்த குதிரைப்படை. உன் படை இல்லை. ஆனால் மேலங்கி உன்னுடையது மாதிரியே இருந்தது. அதைப் பார்த்ததும் ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, ரூபன். அவ்வளவு முட்டாள் நான்.

மாஜிஸ்திரேட்டும் அவரே என்பதால் துரை குதிரைமேல் இருந்தபடி கலைந்து போகச் சொல்லும் சட்டத்தை வாசித்தார். மேட்டுக் காற்றில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஆமோஸ் கோடாலியைக் கீழே போட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு கிரேலின் அருகில் போனான். "கல்லைத் தொட்டுட்டுத் திரும்பிடுறோம் ஐயா. அப்பா தொட்ட கல்லு, தாத்தா தொட்ட கல்லு. அதுக்கு மேல ஓர் அடி வைக்கமாட்டோம்" என்றான். கிரேல் சவுக்கால் முகத்திலேயே அடித்தான். கன்னம் பிளந்து பல் தெரிந்தது. ஆமோஸ் இரண்டாவது அடியைக் கையில் பிடித்து, சவுக்கோடு சேர்த்து அவனைக் குதிரையிலிருந்து இழுத்துக் கீழே போட்டான்.

உடனே வாள்களை உருவினார்கள். யார் உத்தரவு கொடுத்தார் என்று என் காதில் விழவில்லை. குதிரைகள் எங்கள்மேல் வந்தன. எத்ரோ மாமா குச்சியை உயர்த்தினார், குச்சியும் இரண்டு விரலும் சேர்ந்து விழுந்தன. நாய் கடித்த பெண்ணின் அப்பா டில்லிங்கின் மார்பில் குதிரைக் கால் இறங்கியதை நான் கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்டேன். லேயாவை யாரோ பள்ளத்துக்குள் தள்ளி மேலே விழுந்து மறைத்துக்கொண்டார்கள். ஆமோஸ் கிரேலை விட்டுவிட்டு அவளைத் தேடித் திரும்பினான். அப்படித் திரும்பியவனைப் பின்னாலிருந்து கழுத்தும் தோளும் சேருமிடத்தில் வெட்டினார்கள். அவன் விழவில்லை. கையால் அந்த இடத்தைப் பொத்திக்கொண்டு சில அடி நடந்தான். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ரத்தம்தான் வந்தது. பிறகு உட்கார்ந்தான், உட்கார்ந்தபடியே சாய்ந்தான்.

இனி எழுதப்போவது உனக்கு மட்டும்.

வெட்டிவிட்டுத் திரும்பிய குதிரைகளில் ஒன்று, புது வேலிக்காகத் தோண்டிய பள்ளத்தில் கால் இடறி விழுந்தது. மேலிருந்தவன் தெறித்து வந்து எங்கள் காலடியில் கிடந்தான். நாங்கள் பெண்கள்தான் அங்கே இருந்தோம். உனக்கு ரொட்டி கொடுத்து வளர்த்த பெண்கள், கோயிலில் எனக்குப் பக்கத்தில் முழங்கால்படியிடுகிறவர்கள். வேலிக் கட்டையாலும் கல்லாலும் அடித்தார்கள். நான் அரிவாளின் பின்புறத்தால் அடித்தேன். அவன் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினான், அந்தக் கையில் அடித்தேன். எலும்பு முறிவது அரிவாள் பிடிவரை தெரிந்தது. மறுபடியும் அடித்தேன். தலையில் விழுந்த அடிகளில் என்னுடையது உண்டா என்று எனக்குத் தெரியாது. இருக்கலாம்.

எவளோ அவன் பூட்ஸைப் பிடித்து இழுத்தாள், அது கழன்று வந்தது. உள்ளே கம்பளிக் காலுறை. வீட்டில் பின்னியது. குதிகாலில் வேறு நிற நூலால் தைத்து ஒட்டுப் போட்டிருந்தது. கடையில் அப்படி ஒட்டுப் போட மாட்டார்கள். நான் அரிவாளை எறிந்துவிட்டு அவன்மேல் குறுக்கே விழுந்தேன். அடுத்த அடிகள் என் முதுகில் விழுந்தன. "எழுந்திரு எப்சிபா, இவன்தான் உன் பிள்ளையைக் கொன்னவன்" என்று கத்தினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. அது நல்ல குணத்தால் செய்தது என்று நினைத்துவிடாதே. எனக்குக் கால் எழும்பவில்லை, அவ்வளவுதான்.

படை பின்வாங்கி, கூடுதல் ஆள் கொண்டுவரப் போனது. அடிபட்டவனை வண்டியில் ஏற்றினால் வழியிலேயே செத்துப்போவான் என்று வைத்தியர் சொன்னதால் அவனை அருகிலிருந்த வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். அருகிலிருந்த வீடு நம் வீடு. முன்னறை மேசைமேல் ஆமோஸைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தோம். உள்ளே உன் பழைய கட்டிலில் அந்தச் சிப்பாய். பெயர் எட்வின் ராப். வடக்கே ஏதோ மீன்பிடிக்கிற ஊர். அவன் பேச்சு பாதி எனக்குப் புரியவில்லை.

நான் அவனுக்குக் கஞ்சி ஊட்டியபோது லேயா வாசலில் நின்று பார்த்தாள். "அவர் சாப்பிட்ட கரண்டி அத்தை அது. இவனுக்கு அதுல ஊட்டாதீங்க" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். வேறு கரண்டி எடுத்துக்கொண்டேன்.

என் பிள்ளையை வெட்டியது நீயா என்று அவனிடம் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "எனக்குத் தெரியாதும்மா. கண்ணை மூடிக்கிட்டேன். கை எதுலயோ பட்டுச்சு" என்றான். பிறகு, "நாங்க மாட்டு வேலிக்குக் காவல்னுதான் சொன்னாங்க. சுகமான வேலைன்னாங்க" என்றான்.

ஆமோஸை அடக்கம் செய்த நாள் காலையில் அவனும் செத்துப்போனான். கடைசியில் அவன் கூப்பிட்ட பெயர் என்ன என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு பெண்ணின் பெயர். மனைவியோ தங்கையோ, அல்லது குதிரைகூட இருக்கலாம். படைக்காரர்கள் வந்து உடலை எடுத்துப்போனார்கள். காலுறையை நான் துவைத்து மறுபடி மாட்டிவிட்டிருந்தேன்.

அதன்பிறகு ஊருக்குள் புகுந்தார்கள். கதவுகளை உதைத்துத் திறந்தார்கள். டில்லிங்கை விலா எலும்பு முறிந்த நிலையில் கட்டிலோடு தூக்கிப்போனார்கள், சிறைக்குள் போய்ச் சேருமுன்பே அவர் உயிர் போய்விட்டது. பெண்களை யாரும் கேட்கவில்லை. ஒரு குதிரைவீரனைப் பெண்கள் அடித்துக் கொன்றார்கள் என்று எழுத அவர்களுக்கு வெட்கமாக இருந்திருக்கும்.

விசாரணையில் வேலியை உடைத்தவர்கள் யார் யார் என்று பாதிரியாரைக் கேட்டார்கள். கேட்டவர் வின்டல் துரை. பாதிரியார், "என் கண் ஜெபப் புத்தகத்துல இருந்துதுங்க" என்றார். மூன்று மணி நேரத் தூரமும் புத்தகத்தையேவா பார்த்துக்கொண்டு நடந்தீர் என்று துரை கேட்டதற்கு, "எழுத்து ரொம்பப் பொடிசுங்க" என்றாராம். அன்றோடு துரை வீட்டு விருந்துக்கு அவருக்கு அழைப்பு நின்றது. அவர்மேல் எனக்கு இப்போது கோபமில்லை. லேயாவுக்கு உண்டு.

அவர் சொல்லாததை வேறு ஆட்கள் சொன்னார்கள். எத்ரோ மாமாவையும் இன்னும் சிலரையும் உலகத்தின் மறுகோடியில் கைதிகளை அடைக்கிற வான்டீமன் தீவுக்கு நாடுகடத்தத் தீர்ப்பாயிற்று. வண்டியில் சங்கிலி போட்டு உட்கார வைத்திருந்தபோது பார்க்கப் போனேன். "இந்த வயசுல யாருக்கு எப்சிபா ஓசிக் கப்பல் கிடைக்கும்? அங்க வாத்து இருக்காமே, கறுப்பு வாத்தாம். கிரேல் தொங்கவிட்டாலும் அழுக்குத் தெரியாது" என்றார். வண்டி திரும்பிய பிறகுதான் அழுதார். விரல் போன கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

வேலியைத் திரும்பவும் போட்டுவிட்டார்கள். காக்கைக்கல்லையும் குதிரை கட்டிப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

கார்மக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுவடை முடிந்து நம் கொட்டகையில் தங்கியிருந்தார். மகன் என்ன செய்கிறான் என்று கேட்டார், சொன்னேன். அவர் குடித்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "எங்க பங்குக்கும் வந்தாங்கம்மா. நாங்க கும்பிடாத கோயிலுக்குத் தசமபாகமாம். எங்க அக்கா வீட்டு மாட்டைப் பிடிச்சாங்க. அக்கா கயித்தை விடல. மாட்டோட சேர்த்து அவளையும் இழுத்துட்டுப் போனாங்க" என்றார். அக்கா பிழைத்தாளா என்று கேட்டேன். "பிழைச்சா. இப்ப கத்தி தீட்டி வச்சிருக்கா. எல்லா வீட்டுலயும் தீட்டித்தான் வச்சிருக்காங்க" என்றார். கடிதம் கொண்டுபோக அவரே முன்வந்தார். உன் பெயரைச் சொல்லி, பார்க்க எப்படி இருப்பாய் என்று கேட்டுக்கொண்டார். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு இருக்கும் என்றேன். எதற்குக் கேட்டார் என்று நான் கேட்கவில்லை. உன்னை அவர்கள் ஊரார் அடையாளம் கண்டு உயிரோடு விட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் என்று நம்புகிறேன்.

மகனே, படையை விட்டு ஓடிவந்துவிடு என்று எழுத எனக்குத் தைரியமில்லை. ஓடியவனை என்ன செய்வார்கள் என்று தெரியும். ஆனால் மாடு பிடிக்கப் போகிற அன்று உன் குதிரை நொண்டட்டும். உன் சேணத்து வார் அறுந்துபோகட்டும். உனக்கு வயிற்றுப்போக்கு வரட்டும். கோழை என்று உன்னைச் சொல்லட்டும், குடிகாரன் என்று சொல்லட்டும், சம்பளத்தைப் பிடிக்கட்டும், கட்டிவைத்து அடிக்கட்டும். முதுகுத் தழும்புக்கு நான் எண்ணெய் போட்டுவிடுகிறேன். எதுவும் முடியாமல் போய், அங்கே நிற்கத்தான் வேண்டும் என்றாகிவிட்டால், கண்ணை மட்டும் மூடாதே. எதிரே வருவது யார் என்று பார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் முகத்தைப் பார். அவள் கையில் என்ன இருக்கிறது என்றும் பார்.

குளிர் வருவதற்குள் புதுக் காலுறை பின்னி அனுப்புகிறேன். லேயாவின் அன்பும் பிள்ளையின் முத்தமும் உனக்கு.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. உனக்கு எதிரே நிற்பவளிடமிருந்து உன்னையும், உன்னிடமிருந்து அவளையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் வரவுக்காகக் காத்திருக்கும் தாய்,
எப்சிபா பஸ்பி